ஒரு வண்டிக்கு இரண்டு மூளை

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

மனிதன் செய்த பொருள்கள் எல்லாம் என்றாவது ஒருநாள் பழுதாகும். பழுதே ஆகாத பொருளை இதுவரை எவரும் செய்ததில்லை. இனிச் செய்யப்போவதும் இல்லை. ஆகையால் ஒரு பொருள் நம்பத்தக்கதா என்று அறிய, அது பழுதாகுமா என்று கேட்பதில் பயனில்லை. பழுதான அன்று நம் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்றே கேட்க வேண்டும். இந்த உண்மையை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. என் தந்தையார் ஓட்டும் வாடகைக் காரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கிறது. டாக்ஸியாகவே ஓடிய 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைத் தந்தையார் பழையதாக வாங்கி, மாதத் தவணை கட்டிக்கொண்டு ஓட்டி வருகிறார். 2022-இல் பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டி நின்றபோது, ஸ்டாண்டில் இருந்த நண்பர்கள் பலரைப் போல அவரும் காருக்கு சி.என்.ஜி. கிட் பொருத்தினார். முறையான அனுமதி பெற்ற கிட், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் பதிந்தாயிற்று. அவருடைய நோட்டுப்புத்தகக் கணக்குப்படி, பெட்ரோலில் ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய். கேஸில் ஓடினால் 4 ரூபாய். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 450 ரூபாய் மிச்சம். என் கல்லூரிச் செலவும் தம்பியின் பள்ளிச் செலவும் அந்த 450 ரூபாய்க்குள்தான் அடங்கியிருந்தன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கேஸ் கிட் என்றால் டிக்கியில் ஒரு சிலிண்டரும் நாலு குழாயும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் உயிர்நிலை, பானெட்டுக்குள் பொருத்தப்படும் கையகலப் பெட்டி ஒன்றில் இருக்கிறது.

ஒரு காலத்தில் கார்களில் கார்பரேட்டர் இருந்தது. இன்ஜின் இழுக்கும் காற்றே பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு போகும். பழுது வந்தால் மெக்கானிக் காதால் கேட்டு, திருப்புளியால் ஒரு திருகைத் திருகிச் சரிசெய்துவிடுவார். 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும் ஏற்பாட்டை ஃபோக்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது. 1976-இல் சுவீடன் நாட்டு வோல்வோ காரில், புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை உணரும் லாம்டா சென்சார் வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000-ஐ ஒட்டிப் புகைவிதிகள் கடுமையாகவே, கார்பரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்றது. அதன் இடத்தில் வந்தமர்ந்ததுதான் மெக்கானிக்குகள் 'இ.சி.எம்.' என்று சொல்லும் மின்னணு மூளை. காற்றின் அழுத்தம், இன்ஜினின் சுற்று, தண்ணீரின் சூடு, புகையின் ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்ல, இந்த மூளை கணக்குப் போட்டு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. வண்டி நின்றபடி ஓடும்போது அந்த நேரம் சுமார் 3 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு.

கேஸ் கிட் பொருத்தும்போது இந்த மூளைக்குப் பக்கத்தில் இரண்டாவது மூளை ஒன்று வந்து சேருகிறது. முதல் மூளை பெட்ரோல் இன்ஜெக்டருக்கு அனுப்பும் ஆணையை இது வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தை ஓர் எண்ணால் பெருக்கி, கேஸின் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பத் திருத்தி, கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கிறது. முதல் மூளையோ, தான் பெட்ரோலைத்தான் ஊட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்! ஒருவர் பேச, மற்றொருவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பதைப் போன்றது இது. மொழிபெயர்ப்பாளர் திறமைசாலியாயிருந்தால் கேட்பவருக்கு வேற்றுமை தெரியாது. அவர் தடுமாறினால் பேசியவர்மேல்தான் பழி விழும். கேஸ் பெட்டி தவறு செய்தாலும் டேஷ்போர்டில் எரிவது காரின் சொந்த 'செக் இன்ஜின்' விளக்குத்தான்.

வெள்ளத்துக்குப் பின்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்டபாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அடையாற்றுப் படுகை நிரம்பி எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. காரைச் சற்று மேடான இடத்தில் நிறுத்தியிருந்தும் டயர் பாதி நனையத் தண்ணீர் ஏறிவிட்டது. வடிந்தபின் வண்டி வழக்கம்போல ஓடியது.

ஜனவரியில் தொல்லை தொடங்கியது. பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் கேஸ் சுவிட்ச் 'பீப்' என்று கத்தி, வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறியது. அடுத்த வாரம் நாளுக்குப் பத்துமுறை அப்படி மாறிற்று. கிட் பொருத்திய கடைக்குப் போனார் தந்தையார். அவர்கள் பெட்டியைக் கழற்றி வேறொரு பெட்டியை மாட்டி அனுப்பினார்கள். பீப் சத்தம் நிற்கவில்லை. புதிதாக வண்டி குலுங்கவும் தொடங்கியது. மஞ்சள் விளக்கும் எரிந்தது. மறுமுறை போனபோது, "தண்ணி போன வண்டிக்கு வாரண்டி கிடையாது சார்" என்றார்கள். அதற்கடுத்த வாரம் தொலைபேசியையே எடுக்கவில்லை.

கார்க் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். "வெளியில போட்ட கிட் சார், நாங்க கை வைக்க முடியாது" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தாம் செய்யாத பொருளுக்கு யார்தான் பொறுப்பேற்பார்? கிட்டைத் தயாரித்த நிறுவனத்தின் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசினார்கள். மாலையில் கல்லூரி விட்டு வந்து தந்தையாருக்காக நான் பேசுவேன். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். நான்கு எண்கள் சேர்ந்தன. பதில் மட்டும் வரவில்லை.

கேஸில் ஓட வேண்டிய வண்டி பெட்ரோலிலேயே ஓடிற்று. இப்படி 47 நாள்கள்! நோட்டுப்புத்தகத்தில் தந்தையார் எழுதி வைத்த கூடுதல் செலவு 21,150 ரூபாய். பிப்ரவரி மாதத் தவணைக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. "வண்டிய வித்துட்டு கூடுவாஞ்சேரியில வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன்" என்று ஓர் இரவு தந்தையார் சொன்னபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

ஒரு பதிவுத் தபால்

நம் கல்லூரியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் சேர்ந்திருந்தது அப்போது எனக்குக் கைகொடுத்தது. மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கூறிய செய்திகள் நம் மாணவ நண்பர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை.

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வணிகத்துக்காக ஒரு பொருளை வாங்குகிறவர் பொதுவாக இச்சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே. தம் வண்டியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸி ஓட்டுநரை நினைத்தே எழுதியது போலிருக்கிறது அந்த விளக்கம். மேலும், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எங்களுக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

தந்தையார் தயங்கினார். "கேஸ் போட்டுட்டு நான் கோர்ட்டுக்கு நடந்தா வண்டிய யார் ஓட்டறது?" என்றார். வழக்குக்குப் போகாமல் முதலில் ஒரு கடிதம் எழுதினோம். பில் எண், பெட்டியின் எண், பழுது தோன்றிய நாள்கள், நான்கு புகார் எண்கள், மாற்றப்பட்ட பெட்டி ஆகிய விவரங்களை நாள்வாரியாகக் கோபச் சொல் ஒன்றும் இல்லாமல் எழுதி, 15 நாள்களுக்குள் பதில் இல்லையெனில் மாவட்ட ஆணையத்தை அணுகுவோம் என்று முடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

எட்டாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த தமிழர். "ஆள் அனுப்ப எங்ககிட்ட இப்ப வசதி இல்லம்மா. நல்ல மெக்கானிக் ஒருத்தரும் ஒரு லேப்டாப்பும் இருந்தா, நான் போன்லயே கூட இருந்து பார்த்துத் தர்றேன்" என்றார்.

முடிச்சூர் சாலை ஷெட்டில்

முடிச்சூர் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் மாமா தந்தையாருக்குப் பழைய நண்பர். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஷெட்டில் கூடினோம். லேப்டாப் என் கையில். தொலைபேசி பானெட்டின் விளிம்பில்.

"பொட்டி மேல சந்தேகப்படாதம்மா. பொட்டிக்கு சோறு போற வழிய மொதல்ல பாப்போம்" என்று மாமா மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது கேஸ் பெட்டியின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தார். ஏறக்குறையச் சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் 0.8 வோல்ட் காட்டியது. நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டில் செய்த ஓம் விதிச் சோதனை என் நினைவுக்கு வந்தது. அந்த ஒயரில் 4 ஆம்பியர் ஓடுகிறதென்றால், 0.8 வோல்ட் விழ 0.2 ஓம் தடை போதும். ஒயரைப் பின்தொடர்ந்து போனால், பேட்டரித் தட்டுக்குக் கீழே எர்த் போல்ட் பச்சைபிடித்துக் கிடந்தது; பக்கத்துக் கப்ளரின் இரண்டு முள்ளிலும் அதே பச்சை. வெள்ளநீர் விட்டுச்சென்ற களிம்பு! பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டு, பெட்டி ஒருகணம் செத்துப் பிழைத்திருக்கிறது. கடைக்காரர்கள் பெட்டியை மாற்றினார்கள். நோய் போல்ட்டில் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிய முனை வைத்து இறுக்கியதும் மீட்டர் 0.05 வோல்ட்டுக்கு இறங்கியது.

பீப் சத்தம் நின்றது, குலுங்கல் நிற்கவில்லை. இப்போது தொலைபேசியில் இருந்தவர் முறை. "பெட்ரோல்ல ஓடும்போது இன்ஜெக்டர் நேரம் எவ்வளவு காட்டுதும்மா?" என்றார். 3.2 மில்லி விநாடி என்றேன். "கேஸுக்கு மாத்துங்க, அதே நேரத்தைப் படிங்க." அந்த எண் சிறிது சிறிதாக ஏறி 4.1-இல் நின்றது. "சரியா ட்யூன் பண்ணின வண்டியில ரெண்டும் ஒண்ணா இருக்கணும். உங்க மாத்துப் பெட்டியில வேற வண்டியோட கணக்கு இருக்கு. கேஸ் பத்தல, அதான் காரோட மூளை இன்னும் குடு, இன்னும் குடுன்னு கேக்குது" என்றார். ஸ்கேனரில் வந்திருந்த பி0171 என்னும் குறிக்கும் அதுதான் பொருள்: காற்று மிகுதி, எரிபொருள் குறைவு. 3.2 எங்கே, 4.1 எங்கே! கால்பங்குக்கு மேல் கூடுதலாகக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் மஞ்சள் விளக்கை ஏற்றியிருக்கிறது.

கணக்கைத் திருத்தும் பகுதி கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு கடவுச்சொல்லை அவர் தந்தார். பெருக்கும் எண்ணைப் படிப்படியாக உயர்த்தினோம். பிறகு முடிச்சூரை ஒட்டிச் செல்லும் வெளிவட்டச் சாலையில் மூன்றாவது கியரில் தந்தையார் ஓட்ட, நான் பின்னிருக்கையில் எண்களைப் படித்துச் சொல்ல, அவர் திருத்தங்களைச் சொன்னார். ஒன்றரை மணி நேரத்தில் இரு எண்களும் 3.2-க்கும் 3.3-க்கும் இடையே வந்து சேர்ந்தன. விளக்கு அணைந்தது. மாமா வாங்கிக்கொண்டது 600 ரூபாய். தொலைபேசியில் இருந்தவர், "நாளைக்கும் தொந்தரவு பண்ணா இதே நம்பருக்குக் கூப்பிடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை இங்கே மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன்.

நால்வர் வேண்டும்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். வண்டிக்கும் இது பொருந்தும். எங்களிடம் நோயாளி இருந்தது; மாமா என்னும் மருத்துவர் தெருமுனையிலேயே இருந்தார்; மருந்தோ சிறு உப்புத்தாளும் சில எண்களும்தான். நான்காமவர் இல்லாததால் 47 நாள்கள் வீணாயின. அவர் வந்த அன்று அரை நாளில் வேலை முடிந்தது. வாடிக்கையாளர் சேவை என்பதைப் பொருளோடு தரும் இலவச இணைப்பாக நாம் எண்ணுகிறோம். எனக்கோ அதுவும் பொருளின் ஓர் உறுப்பாகவே தோன்றுகிறது.

தாம்பரத்திலிருந்து நான் நாள்தோறும் வரும் செங்கல்பட்டு ரயில் இரண்டு ஊர்களைக் கடக்கிறது. ஒன்று பெருங்களத்தூர். 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அங்குதான் இருந்தது. 1985-இல் அவர்கள் பெருமையோடு வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 கார் 1988-இல் நின்றுபோயிற்று, தொழிற்சாலையும் மூடப்பட்டது. மற்றொன்று மறைமலைநகர். அங்கே 1999 முதல் கார் செய்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் நிறுத்தியது. உதிரி பாகங்களும் சர்வீசும் தொடரும் என்றும் அப்போதே உறுதி கூறியது. பெரிய நிறுவனங்களே வரும், போகும். அப்படியிருக்கச் சிறு கிட் கம்பெனி என்றும் இருக்கும் என்று எண்ணிப் பொருள் வாங்குவது எப்படி?

இதற்கு வேறோர் வழியையும் சிலர் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் புரூஸ் பவ்லிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மெகாஸ்குவர்ட்' என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியை உருவாக்கினார்கள். வாங்குபவரே சால்டர் வைத்துச் செய்துகொள்ளலாம். அதன் சுற்றுப்படத்தையும் விளக்கங்களையும் மறைக்காமல் கொடுத்ததால், பயன்படுத்துகிறவர்களே ஒருவருக்கொருவர் மருத்துவர் ஆனார்கள். பூட்டி வைத்த அறிவு ஒருவரோடு போய்விடும். பகிர்ந்த அறிவு அவர் போனபின்னும் நிற்கும்.

ஆகவே, வண்டிக்குக் கேஸ் கிட் பொருத்த விரும்பும் குடும்பங்கள் விலையைக் கேட்கும்முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பெட்டி பழுதானால் கணக்கைத் திருத்தும் மென்பொருள் யாரிடம் இருக்கிறது? இந்தக் கடை மூடினால் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ வேறு யார் பார்ப்பார்? வாரண்டியில் தண்ணீரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஒயரிங் எங்கே போகிறது என்ற படம் தருவீர்களா? சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அழுத்தச் சோதனையை நினைவூட்டுவீர்களா? பதில்களை பில்லின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. மாமாவுக்குக் கைத்திறன் உண்டு; கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனிக்காரரிடம் விவரம் உண்டு. அவரை எட்டும் வழி ஒரு கடிதமாக இருந்தது. ஒருவர் கையேட்டைத் தமிழில் எழுதித் தரலாம். ஒருவர் ஓம் விதியைப் பட்டறையில் பயன்படும்படி விளக்கலாம். ஒருவர் முறையாக ஒரு புகார்க் கடிதம் எழுதித் தரலாம். அன்றிலிருந்து இதுவரை எங்கள் தெருவில் நான் ஆறு கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மிக்சிக்கு, ஒன்று தையல் மோட்டாருக்கு, நான்கு ஆட்டோக்களுக்கு. மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் நினைவூட்டுக் கடிதம் இந்த வாரம் தபாலில் சேர்கிறது.